தமிழின் சின்னப் படங்கள்: எங்கிருந்து தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

ரோட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருதை 2021-ல் ஒரு தமிழ்ப் படம் வாங்கியது. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்'. அடுத்த ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பி வைத்த படமும் அதுதான். மொத்தமே ஒன்றேகால் மணி நேரம். 2023 அக்டோபரில் சோனி லிவ் தளத்துக்கு வந்தது. அதன் பிறகு யாரிடம் கேட்டாலும் 'பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை' என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பதில்.

ஆர்வம் இல்லாததால் வரும் பதில் இல்லை அது. வேறு மாதிரிப் படம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரிடமாவது கேட்பார்கள். முப்பது பெயர் கொண்ட ஒரு பட்டியல் வந்து சேரும். அதில் கைக்குக் கிடைத்த ஒன்றை, வேலை முடிந்து களைத்துப்போய் இரவு பதினொரு மணிக்குப் போடுவார்கள். அது அந்தப் பட்டியலிலேயே மிக மெதுவான படமாக இருந்துவிடும். இருபதாவது நிமிடத்தில் தூக்கம் வரும். 'இதெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்ற முடிவோடு அந்தக் கதவு மூடிவிடும்.

படமும் குறையில்லை, பார்த்தவரும் குறையில்லை. வரிசைதான் பிசகு. எந்தப் படத்தில் நுழைவது, அதற்கு அடுத்து எது, உட்கார்ந்து எதைக் கவனிப்பது என்று யாராவது கூட இருந்து சொல்லியிருந்தால் அந்த ஆள் இந்நேரம் பத்துப் படம் பார்த்திருப்பார். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

1. பார்க்கத் தொடங்கும் முன் ஒரு கேள்வி

பெரிய நட்சத்திரம் கிடையாது, படப்பிடிப்புக் குழுவில் ஆள் குறைவு, போட்ட பணம் நண்பர்களிடமிருந்தோ குடும்பத்திலிருந்தோ நம்பிக்கை வைத்த ஒரு தயாரிப்பாளரிடமிருந்தோ வந்தது. இப்படி எடுக்கப்பட்டதைத்தான் சின்னப் படம் என்கிறோம். இதில் விறுவிறுப்பான கதை சொல்லும் படங்கள் உண்டு. கதையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு நாளை, ஓர் இடத்தை, ஒரு நடையை மட்டும் காட்டும் படங்களும் உண்டு. முதல் வகையிலிருந்து இரண்டாவது வகைக்குப் போவது சுலபம். எதிர்த்திசையில் வருகிறவர்கள்தான் பெரும்பாலும் தூங்கிவிடுகிறார்கள்.

எந்தச் சின்னப் படத்தைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பணம் இல்லாத இடத்தில் இயக்குநர் என்ன செய்திருக்கிறார்? செட் போட முடியவில்லை, அதனால் எங்கே போய் எடுத்தார்? கூட்டத்தைக் காட்ட முடியவில்லை, அதற்குப் பதில் எந்தச் சத்தத்தை வைத்தார்? தெரிந்த நடிகர் இல்லை, அப்படியானால் அந்த முகம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தால் படத்தின் ஏழ்மை தெரிவது நின்று, அதற்குள் நடந்த யோசனை தெரியத் தொடங்கும். நல்ல சின்னப் படங்களில் மிக நன்றாக அமைந்த இடங்கள் பெரும்பாலும் காசு தீர்ந்துபோன இடங்கள்தான் என்பது என் நம்பிக்கை.

2. முதல் படம்: 'டூ லெட்'

யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது செழியன் எழுதி இயக்கிய இந்தப் படத்தைத்தான். 2017-ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது பெற்றது, 2019 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது. செழியன் அதற்கு முன் 'தென்மேற்குப் பருவக்காற்று', 'பரதேசி' போன்ற படங்களின் ஒளிப்பதிவாளர். விகடனில் உலக சினிமா பற்றி அவர் எழுதிய தொடரைப் படித்து வளர்ந்த வாசகர்களுக்கு அவர் பெயர் இன்னும் நெருக்கம்.

கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2007, சென்னை. ஐடி வேலைகள் பெருகி வாடகை எகிறிக்கொண்டிருக்கும் காலம். சினிமாவில் வாய்ப்புத் தேடும் இளங்கோ, அவன் மனைவி அமுதா, சின்னப் பையன். ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிடுகிறார் வீட்டுக்காரம்மா. அவ்வளவுதான். இனி அவர்கள் வீடு தேடுகிறார்கள்.

இதை முதல் படமாகச் சொல்வதற்கு நேரடியான காரணம், வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் இதில் விளக்கம் தேவைப்படாது. 'என்ன வேலை?', 'என்ன ஆளுங்க?', 'கறி மீன் சாப்பிடுவீங்களா?' என்ற கேள்விகளுக்கு வாசலில் நின்று பதில் சொன்ன அனுபவம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. சினிமாக்காரன் என்றால் வீடு கிடைக்காது என்பதால் இளங்கோ தன் வேலையை மாற்றிச் சொல்ல வேண்டி வருகிறது. அவர்கள் இன்னும் குடியிருக்கும்போதே அடுத்து வரப்போகிறவர்கள் வந்து அறையறையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் காட்சிகளில் அமுதாவாக வரும் ஷீலா ராஜ்குமாரின் முகத்தைக் கவனியுங்கள். ஒதுங்கி வழிவிட்டு நிற்கிறார், ஒன்றும் பேசுவதில்லை. தன் சமையலறையில் முன்பின் தெரியாத ஒருவர் நின்று அலமாரியைப் பார்க்கும்போது ஒரு பெண்ணுக்கு என்ன தோன்றும் என்பது அந்த முகத்தில் முழுமையாக இருக்கிறது.

இப்போது நம் கேள்வி. பாட்டு இல்லை, பின்னணி இசையும் இல்லை. அதற்குப் பதிலாகச் செழியன் தெருவை உள்ளே விட்டிருக்கிறார். மின்விசிறி, தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டு டிவி, வண்டிச் சத்தம். இசை எந்த இடத்திலும் வந்து நம்மை அழச் சொல்வதில்லை. முதல் பத்து நிமிடம் ஏதோ குறைகிறதே என்று இருக்கும். சரி, இருக்கட்டும் என்று உட்காருங்கள். அரை மணி நேரத்தில் அந்தச் சிறிய வீட்டின் ஒவ்வொரு சத்தமும் பழகிவிடும். வீட்டை விட்டுப் போக வேண்டும் என்பது அப்போது நமக்கும் வலிக்கும்.

3. பார்க்கும் விதம்

இரண்டாவது படத்துக்குப் போகும் முன் சில நடைமுறை விஷயங்கள். இவற்றைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஹெட்போன் போட்டுப் பாருங்கள், அல்லது டிவியின் சத்தத்தை வழக்கத்தைவிடக் கூட்டி வையுங்கள். இந்தப் படங்கள் பலவற்றில் பாதிக் கதை சத்தத்தில் இருக்கிறது. கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் பார்த்தால் அந்தப் பாதி காதில் விழவே விழாது. திரை சிறிதாக இருந்தாலும் சமாளிக்கலாம், சத்தத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டாதீர்கள். ஒரு மனிதர் வெயிலில் நடக்கும் காட்சியில் அவர் நடக்கும் நேரம்தான் விஷயமே.

வட்டார வழக்கு புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். கொங்குப் பேச்சு தஞ்சாவூர்க்காரருக்கு முதல் கால்மணி நேரம் பிடிபடாமல் போகலாம். ஆங்கில வரிகள்தான் வரும், ஆனாலும் விட்டுப்போன வார்த்தையை எட்டிப் பிடிக்க உதவும்.

நேரமும் முக்கியம். ஞாயிறு முற்பகல் அல்லது சாயங்காலம் நல்லது. இன்னொன்று, முன்கதையைப் படிக்காதீர்கள். சின்னப் படங்களில் கதை கொஞ்சம்தான் இருக்கும், விமர்சனம் அதை முழுவதும் சொல்லிவிடும். டிரெய்லரையும் நம்ப வேண்டாம். விற்பதற்காக, நிதானமான படத்தைக்கூட இசை போட்டு வெட்டித் துரத்தல் படம் போலக் காட்டிவிடுகிறார்கள். அதை நம்பி உட்கார்ந்தவர் ஏமாறுவது இயல்புதானே.

அரை மணி நேரம் கொடுங்கள். அதற்குள் எதுவுமே பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம், குற்ற உணர்ச்சி தேவையில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் கைபேசியைத் தொட்டிருக்கக் கூடாது.

4. இரண்டாவது: 'மேற்குத் தொடர்ச்சி மலை'

லெனின் பாரதியின் படம், 2018 ஆகஸ்டில் வெளியானது. விஜய் சேதுபதி தயாரித்தார், அவர் அதில் நடிக்கவில்லை. இசை இளையராஜா, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர்.

தேனிப் பக்கத்து அடிவாரத்திலிருந்து மலையேறிக் கேரள எல்லையில் உள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போய் வேலை செய்கிறவர்களின் வாழ்க்கை. ரங்கசாமி என்ற சுமைக்காரருக்குக் கொஞ்சம் சொந்த நிலம் வாங்க வேண்டும் என்பது கனவு. இந்தப் படத்தைப் பாதியில் விட்டவர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. நான் அங்கேதான் மறுக்கிறேன். முதல் பாதியில் நமக்கு மலை அறிமுகமாகிறது. எந்தப் பாதை எங்கே போகிறது, எங்கே நின்று மூச்சு வாங்குவார்கள், யார் எந்தக் கடையில் உட்காருவார்கள், மூட்டையை யார் எத்தனை வருடமாகச் சுமக்கிறார்கள் என்று நடந்து நடந்து தெரிந்துகொள்கிறோம். பிற்பாதியில் அந்தப் பாதைக்கும் அந்த மனிதர்களுக்கும் நேர்வதெல்லாம் நம் ஊரில் நேர்வது போல உறைப்பது, முதல் பாதியின் நடையால்தான்.

தோட்டத் தொழிலாளர் சங்கம், சாலை போடும் அரசியல், உரக்கடைக் கடன் என்று எத்தனையோ விஷயம் இதில் உண்டு. பிற்பாதியில் சில ஆண்டுகளை அவசரமாகத் தாண்டுகிறது என்பது என் ஒரே மனக்குறை. முடிவைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். கடைசிக் காட்சியில் கேமரா மேலே மேலே போகும்போது எழுந்து போய்விடாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நம் கேள்விக்கு இங்கே பதில் முகங்களில் இருக்கிறது. திரையில் வருகிறவர்களில் பலர் அந்தப் பகுதி மக்கள். மூட்டை தூக்கும் தோள் எப்படிச் சாயும் என்று நடிகருக்குச் சொல்லிக் கொடுக்கப் பல வாரம் ஆகும். இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

5. மூன்றாவது: 'சேத்துமான்', கூடவே ஒரு சிறுகதை

2022-ல் சோனி லிவ்வில் வந்த படம். இயக்கியவர் தமிழ், தயாரித்தது பா. ரஞ்சித்தின் நீலம். பெருமாள்முருகனின் 'வறுகறி' சிறுகதையிலிருந்து எடுக்கப்பட்டது. பேரன் குமரேசனைப் படிக்க வைத்து ஆளாக்கிவிட வேண்டும் என்று நினைக்கும் தாத்தா பூச்சியப்பன். பன்றிக்கறி தின்ன ஆசைப்படும் பண்ணையக்காரர். கறிக்கு ஏற்பாடு செய்யும் வேலை தாத்தாவின் தலையில். யார் எதைத் தின்னலாம், எங்கே உட்கார்ந்து தின்னலாம், தின்றதை யாருக்குத் தெரியாமல் மறைக்க வேண்டும் என்று படம் மெல்ல விரிகிறது.

முதல் முக்கால் மணி நேரம் சிரிக்க வைக்கும். கொங்கு நாட்டு நக்கல் அப்படியே இறங்கியிருக்கிறது. பன்றிக்கு விலை பேசும் காட்சி ஒன்றுக்காகவே பார்க்கலாம். அந்தச் சிரிப்பு எங்கே தொண்டையில் அடைக்கிறது என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

படம் பார்த்த பிறகு கதையைப் படியுங்கள், முன்னால் வேண்டாம். எழுத்தில் இல்லாத எதைப் படம் சேர்த்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது சினிமாவைப் படிக்க நல்ல பயிற்சி. இதே பயிற்சிக்கு இன்னும் இரண்டு படங்கள் உண்டு. அம்ஷன் குமாரின் 'ஒருத்தி' கி. ராஜநாராயணனின் 'கிடை'யிலிருந்து வந்தது. அருண் கார்த்திக்கின் 'நசிர்' திலீப்குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை'யிலிருந்து வந்தது.

6. இனி நிதானமான படங்களுக்கு

இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகு 'கூழாங்கல்'லைப் போடுங்கள். மதுரை மாவட்டத்துப் பொட்டல் காடு. குடிகாரத் தகப்பன், கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை அழைத்துவரப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். திரும்பும் வழியில் பையன் கோபத்தில் பஸ் காசைக் கிழித்துப் போட்டுவிட, இருவரும் நடக்கிறார்கள். படம் அந்த நடைதான்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று வெயில். வானத்திலிருந்து இறங்குவது தவிர வேறு விளக்கு தேவைப்படாத படம் இது. நிழல் எங்கே விழுகிறது என்பதைப் பார்த்தாலே நேரம் என்ன ஆகிறது என்று தெரியும். இன்னொன்று, தகப்பனும் மகனும் தவிர வழியில் எதிர்ப்படுகிறவர்கள். எலி பிடித்துச் சுடும் குடும்பம், பஸ்ஸில் கைக்குழந்தையோடு வரும் பெண், ஊற்றில் தண்ணீருக்குக் காத்திருக்கும் பெண்கள். கேமரா அப்பனை விட்டுவிட்டு இவர்களிடம் போய் நிற்கிறது. பெண்களுக்குத்தான் அந்த மண்ணில் பொறுமை மிச்சம் இருக்கிறது என்று ஒரு வசனமும் இல்லாமல் தெரிந்துவிடுகிறது.

அதன் பிறகு அதே இயக்குநரின் 'கொட்டுக்காளி'. 2024-ல் சிவகார்த்திகேயன் தயாரித்து வெளிவந்தது, சூரியும் அன்னா பென்னும் நடித்தது. 'டூ லெட்' போலவே இதிலும் பின்னணி இசை கிடையாது. காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. அன்னா பென் படம் முழுக்க ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. சூரி இருக்கிறார் என்று சிரிக்கத் தயாராகத் தியேட்டருக்குப் போனவர்கள் குழம்பினார்கள். முடிவு பற்றியும் நிறையச் சச்சரவு நடந்தது. 'கூழாங்கல்' பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அந்தக் குழப்பம் இருக்காது. வரிசை முக்கியம் என்று சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

'நசிர்' இவற்றைவிடவும் மெல்லியது. கோயம்புத்தூரில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவரின் ஒரு நாள். காலையில் எழுகிறார், மனைவியைப் பஸ் ஏற்றுகிறார், கடைக்குப் போகிறார், தொழுகிறார், கவிதை சொல்கிறார். பக்கவாட்டில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஒலிபெருக்கி என்ன பேசுகிறது என்று காது கொடுத்தவருக்குப் படத்தின் கடைசி நிமிடங்கள் திடீரென வந்தவையாகத் தோன்றாது. ஹெட்போன் என்று நான் அத்தனை வற்புறுத்தியது முக்கியமாக இந்தப் படத்துக்காகத்தான்.

7. உங்கள் ருசிக்கு ஏற்ற வேறு வழிகள்

எல்லோருக்கும் ஒரே பாதை பொருந்தாது. அடிதடிப் படம் பிடிக்கும் என்பவர்கள் தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011) வழியாக வரலாம். சென்சாரில் மாட்டி, மேல்முறையீட்டுக்குப் போய் வெளிவந்தது. தியேட்டரில் ஓடவில்லை, தேசிய அளவில் சிறந்த அறிமுகப் படம் என்ற விருது வாங்கியது. சரித்திரப் படம் வேண்டுமா? முகம் தெரியாத நடிகர்களை வைத்துத் தரணி ராசேந்திரன் எடுத்த 'யாத்திசை' (2023). பெரிய படங்களின் பளபளப்பு இதில் இருக்காது. புழுதியும் பழந்தமிழும் இருக்கும். கூத்துக் கலை பிடித்தவர்கள் பாரி இளவழகனின் 'ஜமா'வைப் (2024) பார்க்கலாம். பெண் வேடம் கட்டுபவனின் மனம் தமிழ் சினிமாவில் இத்தனை மரியாதையோடு வந்தது குறைவு.

வயதானவர்களைக் கொன்றுவிடும் தலைக்கூத்தல் வழக்கம் பற்றி அறிய விரும்பினால் பிரியா கிருஷ்ணஸ்வாமியின் 'பாரம்'. டாஸ்மாக் கடையின் ஒரு நாளைப் பார்க்க விரும்பினால் கமலக்கண்ணனின் 'மதுபான கடை' (2012). மலேசியத் தமிழர் வாழ்க்கைக்கு 'ஜகாட்' (2015). தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எப்படிச் சண்டியர் கூட்டங்களில் போய் விழுந்தார்கள் என்பதை ஒரு சிறுவனின் கண்ணால் சொல்லும் படம். அங்கே உள்ளவர்கள் இதைக் கொண்டாடினார்கள். தமிழ்நாட்டில் இன்னும் போதிய அளவு போய்ச் சேரவில்லை.

8. பின்னோக்கி ஒரு நடை

தமிழில் சுயாதீனப் படங்கள் நேற்று தொடங்கியவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே 'உன்னைப்போல் ஒருவன்' என்று 1965-லேயே படமாக எடுத்து தேசிய விருது பெற்றார். ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' 1977. அதன் திரைக்கதை வெங்கட் சாமிநாதனுடையது. ருத்ரையாவின் 'அவள் அப்படித்தான்' 1978. ஹரிஹரனின் 'ஏழாவது மனிதன்' 1982, ரகுவரன் நாயகனாக அறிமுகமான படம். பாரதியார் பாடல்களுக்கு எல். வைத்தியநாதன் போட்ட இசைக்காகவே இதைத் தேடிப் பார்க்கலாம்.

பழையவற்றில் ஒன்றே ஒன்று என்றால் பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுதா, தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு வீடு கட்ட முயல்கிறாள். கடன், காண்டிராக்டர், சிமெண்ட், மழை. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பி வரும் காட்சியில் பேச்சே இல்லை. குடையோடு சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார், சுவரைத் தடவுகிறார். இளையராஜாவின் இசை மட்டும் கூட வருகிறது. 'டூ லெட்' பார்த்த அடுத்த வாரம் இதைப் பாருங்கள். இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே நகரம், ஒரே தவிப்பு. ஒன்றில் கட்டுகிறார்கள், மற்றதில் காலி செய்கிறார்கள்.

பழைய படங்களின் பிரதி மங்கலாக இருக்கும், சத்தம் கரகரக்கும். அதைப் படத்தின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நெகட்டிவைப் பாதுகாக்காமல் விட்டதன் விளைவு அது.

9. எங்கே தேடுவது

ஓடிடி தளங்களில் உரிமம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று இருக்கும் படம் ஆறு மாதத்தில் காணாமல் போகும். ஜஸ்ட்வாட்ச் போன்ற தேடு தளத்தில் பெயரைப் போட்டால் இந்த வாரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள். ழகரமும் ளகரமும் வரும் பெயர்களுக்கு ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துக்கூட்டல் வைத்திருக்கிறது. யூடியூபில் தேடினால் தயாரிப்பாளரோ உரிமை வாங்கிய நிறுவனமோ ஏற்றியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் சுற்றும் திருட்டுப் பிரதியைத் தயவுசெய்து தொடாதீர்கள். பெரிய படத்துக்கு அது நூற்றில் ஒரு நஷ்டம். சின்னப் படத்துக்கு அந்த இயக்குநரின் அடுத்த படமே அதில் போய்விடலாம்.

திரைப்பட விழாக்களுக்கு நீங்களும் போகலாம், அது விமர்சகர்களுக்கு மட்டுமான இடமில்லை. டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது, திருவனந்தபுரத்தில் கேரள விழாவும் டிசம்பரில்தான். டெலிகேட் பாஸ், அதாவது விழா முழுவதற்குமான அனுமதி அட்டை, ஒன்று வாங்கிவிட்டால் நாளுக்கு நான்கைந்து படம் பார்க்கலாம். திருவனந்தபுரத்துக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். கல்லூரி மாணவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் வரிசையில் நின்று ஈரானியப் படத்தைப் பற்றி வாதாடுவதைப் பார்க்கலாம்.

படத்திலிருந்து படத்துக்குப் போக எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி, ஓர் ஆளின் பெயரைப் பிடித்துக்கொண்டு போவது. 'டூ லெட்'டில் பார்த்த ஷீலா ராஜ்குமாரைத் தொடருங்கள்: மலையாளத்தில் 'கும்பளங்கி நைட்ஸ்', அப்புறம் தமிழில் 'மண்டேலா'. ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வரைத் தொடர்ந்தால் 'பேரன்பு' வரும், 'கர்ணன்' வரும். பெருமாள்முருகனைத் தொடர்ந்தால் 'அங்கம்மாள்' வரும். தளங்கள் பரிந்துரைக்கும் படங்களைவிட இந்த வழியில் கிடைப்பவை உங்களுக்கு நெருக்கமாக இருக்கும். மதிப்பெண்களைப் பார்ப்பதாக இருந்தால் எத்தனை பேர் போட்டார்கள் என்றும் பாருங்கள். இருநூறு பேர் போட்ட 9-க்கு அர்த்தம் குறைவு, அதில் படக்குழுவின் உறவினர்களே பாதி இருக்கலாம்.

தமிழில் கொஞ்சம் பழகிய பிறகு பக்கத்து மொழிக்குப் போங்கள். மண்டியாப் பக்கத்துக் கிராமத்து மக்களையே நடிக்க வைத்து ராம் ரெட்டி எடுத்த கன்னடப் படம் 'திதி', சைதன்ய தம்ஹானேயின் மராத்திப் படம் 'கோர்ட்'. இரண்டுமே ஐரோப்பிய விழாக்களில் பெரிய விருது வாங்கியவை. இரண்டிலும் வாய்விட்டுச் சிரிக்க இடம் உண்டு.

10. பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை

சின்னப் படம் என்பதாலேயே அது நல்ல படமாகிவிடாது. இதை வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் புதிதாக வருகிறவர்கள் நம்மை நம்ப மாட்டார்கள். ஏழைகளை அழ வைத்துப் படம்பிடித்தால் போதும் என்று நினைக்கும் படங்கள் இருக்கின்றன. கடைசியில் யாரையாவது சாகடித்தால்தான் தீவிரம் வரும் என்று நம்பும் படங்களும் இருக்கின்றன. பாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் நம்மைப் பார்த்துப் பிரசங்கம் செய்யும் படங்களில் நோக்கம் எத்தனை நல்லதாக இருந்தாலும் எனக்குப் பொறுமை போய்விடும்.

படம் பார்த்து முடித்ததும் இரண்டு மூன்று வரி எழுதி வையுங்கள். எந்தக் காட்சி மனதில் நின்றது, எங்கே விலகினேன் என்று மட்டும் போதும். பத்துப் படத்துக்குப் பிறகு புரட்டிப் பார்த்தால் உங்கள் ருசி உங்களுக்கே தெரியும். அடுத்தவர் பட்டியல் அதன் பிறகு அவ்வளவாகத் தேவைப்படாது.

11. மற்றவருக்குச் சொல்லும்போது

இவ்வளவும் பார்த்தவர் சும்மா இருக்க முடியாது, யாரிடமாவது சொல்லத் தோன்றும். சொல்லுங்கள். சின்னப் படங்களுக்கு விளம்பரப் பணம் இல்லை, நம் வாய்தான் விளம்பரம். ஆனால் 'உலகத்தரம்', 'அவார்டு படம்', 'கொஞ்சம் மெதுவாப் போகும், பொறுத்துக்கோ' என்ற மூன்றையும் சொல்லாதீர்கள். முதல் இரண்டும் பயமுறுத்தும், மூன்றாவது முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பது.

ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். வீட்டுக்காரரோடு சண்டை போட்டு வந்த நண்பனுக்கு 'டூ லெட்'. வீடு கட்டக் கடன் வாங்கியிருக்கும் சித்தப்பாவுக்கு 'வீடு'. விவசாயம் செய்து கைவிட்ட மாமாவுக்கு 'மேற்குத் தொடர்ச்சி மலை'. ஒரு தடவையில் ஒரே படம், எந்தத் தளத்தில் இருக்கிறது என்ற விவரத்தோடு. முடிந்தால் கூட உட்கார்ந்து பாருங்கள். அம்மா அப்பாவோடு பார்த்தால் அவர்கள் நடுநடுவே சொல்லும் 'எங்க ஊர்ல இப்படித்தான்' என்ற வார்த்தைகளுக்காகவே படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அப்போது மட்டும் நான் மேலே சொன்ன விதிகளை எல்லாம் தளர்த்திக்கொள்ளலாம்.

கடைசியாகத் தியேட்டர். இப்படி ஒரு படம் வெள்ளிக்கிழமை வெளியானால் திங்கள்கிழமைக்குள் போய்விடுங்கள். பெரும்பாலும் காலையிலோ மதியமோ ஒரே ஒரு காட்சி கொடுத்திருப்பார்கள். முதல் மூன்று நாள் கூட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்த வாரம் அந்தக் காட்சி இருக்குமா என்று முடிவெடுக்கிறார்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒதுக்கும் படம் அப்புறம் இருக்காது. ஆள் சேரவில்லை என்று காட்சியை ரத்து செய்வதும் உண்டு. அதனால் முந்தின நாளே டிக்கெட் போட்டுவிட்டு, நண்பர்கள் நான்கு பேரையும் போடச் சொல்லுங்கள். காலியாகக் கிடக்கும் அரங்கில் முன்பதிவான ஐந்து இருக்கைகள் தியேட்டர்காரர் கண்ணில் படும். ரத்தாகிவிட்டால் பணம் திரும்ப வந்துவிடும், வேறு தியேட்டரில் இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.